பாணை விட்டேன், வயிற்று நோ விடவில்லை

திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் எங்கெங்கே நிற்கும், எந்தச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கழிவறை துப்புரவாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கந்தளாயில் ஒன்று, ஹபரணையில் ஒன்று, தம்புள்ளையில் ஒன்று. வருடக்கணக்காக வயிற்றோட்டத்தோடு திரிந்தவர்களுக்கு இது விளங்கும். பயணத்துக்கு முதல்நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவோம். ஜன்னலோரம் வேண்டாம், கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் தாருங்கள் என்போம்.

2024 மார்ச் மாதம் அப்படி ஒரு பயணம் போனபோது, எனக்குச் சீலியாக் என்கிற நோய் என்று டொக்டர் சொல்லி, நான் கோதுமையை விட்டு ஏழு மாதம் முடிந்திருந்தது. ஒரு துண்டுப் பாண் இல்லை, ஒரு ரொட்டி இல்லை. மகளின் பிறந்தநாள் கேக்கைக்கூட வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அப்படியிருந்தும் பின்னேரமானால் வயிறு மேளம்போல ஊதும். கிழமையில் மூன்று நாளாவது வயிற்றோட்டம். இவ்வளவு செய்தும் சரிவரவில்லை என்றால் எனக்கு வந்தது இந்த வருத்தமே இல்லையோ என்று அன்றைக்குப் பஸ்ஸில் இருந்து யோசித்து யோசித்து அழுதேவிட்டேன்.

அந்த யோசனை பிழை. வருத்தம் அதுதான். ஆனால் கோதுமைக்குப் பின்னால் வேறு காரணங்களும் ஒளிந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பிடிக்க முடிந்தது. எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இதை வாசிக்கிற ஒருவருக்காவது அதில் பாதிக் காலம் மிச்சமாகட்டும்.

சீலியாக் நோயைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலுக்குள் போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் சடைமுளை என்று படித்தோமே, சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெற் துணியின் மயிர்போல நின்று சத்தை உறிஞ்சுபவை, அவை தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. எனக்கு முதலில் பிடிபட்டதே இரத்தச்சோகைதான். எத்தனை மாதம் இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியும் அளவு ஏறவில்லை. அதற்கு முன்பு ஐந்து வருடம் 'காஸ்றிக்' என்று மருந்து குடித்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் "வீட்டில் ஏதும் பிரச்சினையா? மனக்கவலையால் வருகிறது" என்று சொல்லி நித்திரைக் குளிசை தந்தார்கள். அந்த ஒரு வசனம் என்னை இரண்டு வருடம் பின்னுக்குத் தள்ளியது.

கடைசியில் கண்டியில் ஒரு விசேட வைத்திய நிபுணர்தான் இரத்தத்தில் ரிரிஜி என்கிற எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்னார். அது மிக உயர்வாக இருந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துணுக்குகள் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தவுடன் தாங்களாகவே பாணை நிறுத்திவிட்டுப் பிறகு ரெஸ்ற் எடுக்கப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் முடிவு சரியாக வரும்.

அந்த டொக்டர் ஒரு கதை சொன்னார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944, 45 அளவில், நெதர்லாந்தில் பாணுக்குப் பெரும் பஞ்சம். அங்கே வில்லெம் டிக்கே என்கிற குழந்தை வைத்தியர் கவனித்தாராம், இந்த நோய் உள்ள பிள்ளைகள் பாண் கிடைக்காத நாட்களில் தேறினார்கள், பாண் திரும்பக் கிடைத்ததும் விழுந்தார்கள். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களுக்கும் 2022 வந்ததே. மா விலை ஏறி, காஸ் இல்லாமல், பேக்கரிகள் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் விறகடுப்பில் சோறும் மரவள்ளியும் அவித்துத்தான் சாப்பிட்டோம். நாடே பட்டினி கிடந்த நேரத்தில் என் வயிறு மட்டும் அமைதியாக இருந்தது. அப்போது அதை ஏன் என்று நான் கேட்கவில்லை. (இந்த 2022க்கு இன்னொரு தடவை வருவேன். அதற்குள்ளேயே இரண்டாவது விடையும் இருந்தது.)

சரி, ஏழாம் மாதத்துக்கு வருகிறேன். கண்டியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரிரிஜி இறங்கியிருந்தது, ஆனால் சாதாரண அளவுக்கு வரவில்லை. டொக்டர் புதிதாக மருந்து ஒன்றும் எழுதவில்லை. "நீங்கள் சாப்பிடுவதில்லை என்று நம்புகிறேன். ஆனால் எங்கிருந்தோ உள்ளே போகிறது. வீட்டுக்குப் போய்க் குசினியைத் தேடுங்கள்" என்றார். கோதுமையை விட்ட பிறகும் வயிறு சரியாகாதவர்களிடம் அதிகம் காணப்படுகிற காரணம் இதுதானாம், தெரியாமல் உள்ளே போகிற குளூட்டன். ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் போனாலே குடல் பழுதாகும். அதாவது அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒன்று.

வீட்டுக்கு வந்து முதலில் நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்தேன். மாமியின் பனையோலை நீத்துப்பெட்டி, பத்து வருடத்துக்கு மேல் பழையது. நான் அரிசிமாப் புட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். வீட்டில் மற்ற எல்லாருக்கும் அரிசிமாவோடு அவித்த கோதுமை மா கலந்த புட்டு, இரண்டும் ஒரே பெட்டியில்தான் அவியும். எனக்கு முதலில் அவித்தால் போதும், பிறகு கழுவி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓலைப் பின்னலின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் வெள்ளையாக மா இறுகிக் காய்ந்திருந்தது. ஓர் ஈர்க்கால் கிண்டினேன். சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. எத்தனை தடவை கழுவினாலும் பின்னலுக்குள் போன மா வெளியே வராது. ஏழு மாதமாக ஆவி அந்த மாவுக்குள்ளால் ஏறித்தான் என் புட்டு அவிந்திருக்கிறது.

அதன்பிறகு ஒன்றையும் நம்பவில்லை. இடியப்பத் தட்டு, இடியப்ப உரல், மரஅகப்பை, அரிதட்டு, சுளகு, ரொட்டி சுடுகிற கல், இவை எல்லாம் மா ஒட்டிக்கிடக்கிற சாமான்கள். எனக்கென்று புதிதாக ஒரு தொகுதி வாங்கி, கைபிடியில் சிவப்பு நூல் கட்டி, தனி ஆணியில் கொழுவினேன். எவர்சில்வரும் கண்ணாடியும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், அவற்றை மாற்றத் தேவையில்லை. இன்னொன்று, மாமி கோதுமை மாவை அவித்துச் சூட்டோடு அரிக்கும்போது குசினி முழுக்கத் தூசியாகப் பறக்கும். இப்போது அந்த வேலையை அவர் பின் விறாந்தையில் வைத்துச் செய்கிறார், என் சாப்பாடு மூடியால் மூடின பிறகு.

இரண்டாவது, மில். அரிசியையும் குரக்கனையும் நானே கொண்டுபோய் அரைப்பித்து வருவதால் அது சுத்தம் என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்று கவனித்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா சத்துமாவுக்குக் கோதுமை, கடலை, உழுந்து எல்லாம் கலந்து கொண்டுவந்திருந்தார். அது முடிந்ததும் மில்காரத் தம்பி வாய்த்துணியைத் தடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என் அரிசியைக் கொட்டினார். முதலில் விழுந்த கைப்பிடி மா பழுப்பு நிறம். அது அவருடைய சத்துமா. நான் தினமும் கறிக்குப் போடுகிற மிளகாய்த்தூளும் அதே மில்லில் வறுத்து அரைத்ததுதான். அப்படியென்றால் மீன்கறி, கத்தரிக்காய்க் கறி, முருங்கைக்காய்க் கறி எல்லாவற்றிலும் கோதுமை. மில்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இப்படி ஒரு வருத்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்போது பச்சையரிசியை மூன்று நாலு மணித்தியாலம் ஊறவைத்து, துணியில் வடியவிட்டு, வீட்டுக் கிறைண்டரில் அடித்து, அரித்து, தாச்சியில் வறுத்து வைக்கிறேன். மிளகாய்த்தூளும் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலை அதற்கே போய்விடும். ஆனாலும் அந்த அரைநாள் வேலையில்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். கடையில் விற்கிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், பொதியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ரசமும் சாம்பாரும் எனக்குக் கேடானது அதனால்தான். மோல்ட் போட்ட பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. களைப்புக்கு நல்லது என்று தினமும் இரவு ஒரு கோப்பை குடித்துக்கொண்டிருந்தேன். சோயா சோஸில் கோதுமை உண்டு. சோயாமீற் பைக்கற்றைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடை உழுந்துவடையில் மா சேர்ப்பார்கள். பருத்தித்துறை வடையில் கோதுமை மா சாதாரணம். எங்கள் பக்கத்துத் தோசையிலும் பல வீடுகளில் உழுந்தோடு கோதுமை மாதான் கரைப்பார்கள். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த மீனும் எனக்கு ஆகாது. மருந்துக் குளிசைகள் சிலவற்றிலும் கோதுமை மாப்பொருள் இருக்கக்கூடும் என்பதால் பார்மசியில் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். 'குளூட்டன் இல்லை' என்று சட்டப்படி எழுதுவதற்கு உலக அளவில் வைத்திருக்கிற எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த அடையாளம் உள்ள பொருட்கள் இங்கே கடைகளில் கண்ணில் படுவது அருமை.

சீனக்குடாப் பக்கம் போகும்போதெல்லாம் பிறிமா மா ஆலையைப் பார்ப்பேன். கோதுமை விளையாத நாட்டில், கப்பலில் வருகிற கோதுமையை அரைக்கிற அவ்வளவு பெரிய ஆலை எங்கள் துறைமுகக் கரையில் நிற்கிறது. அந்த ஆலையால் எத்தனையோ குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அந்தப் பக்கமே தம்பலகாமத்து வயல்களும் இருக்கின்றன. எனக்கு விதித்தது வயல் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் செய்து ஆறு மாதத்தில், செப்டெம்பர் மாதம், ரிரிஜி சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. வயிற்றோட்டம் கிழமைக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஆனால் ஊதல் போகவில்லை. காலையில் எழும்பும்போது தட்டையாக இருக்கிற வயிறு பத்து மணிக்கு ஊதத் தொடங்கும், நாலு மணிக்குச் சேலை இறுகும்.

இந்தக் கட்டத்தில்தான் நான் செய்த பெரிய பிழை. டொக்டரைக் கேளாமல் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டை வெட்டத் தொடங்கினேன். பருப்பு ஒத்துக்கொள்ளாதோ என்று பருப்பை விட்டேன். முட்டையை விட்டேன். பிறகு தேங்காய்ப்பாலை, பிறகு பழங்களை. கடைசியில் சோறும் மீனும் மட்டும். ஒன்றரை மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். ஒரே நேரத்தில் நாலைந்தை விட்டதால் எது காரணம் என்று சொல்லவும் முடியவில்லை. என் கணவர் ஒருநாள் இராத்திரி, "நீ இப்படியே ஒவ்வொன்றாக விட்டால் கடைசியில் தண்ணீரையும் விடுவாய்" என்று சொல்லிவிட்டு அழுதார். அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனோம்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை பால் தேத்தண்ணீர்?" ஐந்து என்றேன். கந்தோரில் காலையில் ஒன்று, பத்தரைக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டில் இரண்டு. எல்லாம் பால்மாவில், கட்டியாக. மற்றதெல்லாவற்றையும் வெட்டிய நான் இதைத் தொடவே இல்லை. மெலிந்த உடம்புக்குப் பால்தான் தெம்பு என்று மாமி இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டுத் தருவார்.

பாலில் உள்ள இனிப்பை, லக்ரோஸ் என்பதை, செரிக்கவைக்கிற நொதியம் சடைமுளைகளின் நுனியில்தான் ஊறுகிறது. சீலியாக் நோயில் முதலில் தேய்வது அந்த நுனி, கடைசியாகத் திரும்ப வளர்வதும் அதுதான். செரிக்காத லக்ரோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும், தண்ணீரை இழுக்கும். அதுதான் பத்து மணி ஊதல். அப்போதுதான் 2022 எனக்குப் பிடிபட்டது. அந்த வருடம் கடைகளில் பாண் மட்டும் இல்லாமல் போகவில்லையே, பால்மாவும் இல்லை! வரிசையில் நின்றும் கிடைக்காமல் எல்லாரும் பிளேன்ரீ குடித்தோம். இரண்டும் ஒன்றாக இல்லாமல் போனதால்தான் வயிறு அவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது. கனடாவிலிருந்து தங்கச்சி ஆசையாக அனுப்பிய குளூட்டன் இல்லாத பிஸ்கட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பொருளாகப் பால்மா எழுதியிருந்தது.

டொக்டர் சொன்ன முறை இதுதான். வெட்டினதையெல்லாம் திரும்பச் சாப்பிட வேண்டும். பாலை மட்டும் மூன்று கிழமை விட வேண்டும். வேறு எதையும் அந்த நாட்களில் மாற்றக் கூடாது. ஒரு கொப்பியில் நேரம், சாப்பாடு, வயிறு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். பத்தாம் நாள் என் கொப்பியில் முதல் தடவையாக "பின்னேரம் ஊதவில்லை" என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பாலை விட்டால் கல்சியம் எங்கிருந்து வரும் என்று பார்க்கவேண்டும். இந்த நோயில் எலும்பு ஏற்கெனவே பலவீனமாகியிருக்கலாம். எனக்கு விற்றமின் டீ குறைவாக இருந்து குளிசை தந்தார்கள். கடற்கரை ஊரில் இருப்பது இதற்கு ஒரு கொடுப்பினை. முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, எள்ளு, குரக்கன், கீரை எல்லாம் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு எருமைத்தயிர் ஒரு கரண்டியில் தொடங்கினேன். புளித்த தயிரில் லக்ரோஸ் குறைவு, ஒத்துக்கொண்டது. குடல் ஆறினால் பாலும் பலருக்குத் திரும்ப ஒத்துக்கொள்ளும் என்கிறார்கள். நான் பிளேன்ரீக்கும் பனங்கட்டிக்கும் பழகிவிட்டேன்.

பிறகும் சின்னச் சின்னத் தொந்தரவு இருந்தது. பாணுக்குப் பதிலாகக் காலையில் அவித்த கடலையும் பயறும் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டதும் ஒரு காரணம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அரைச் சுண்டு மட்டும் என்று குறைத்தேன். வெங்காயத்தையும் உள்ளியையும் ஒரு மாதம் குறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். சிலருக்குச் சிறுகுடலில் கிருமி பெருகியிருக்கும், சிலருக்குக் கணையம் நொதியம் போதியளவு சுரக்காது, சிலருக்குப் பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத அழற்சி இருக்கும், தைரொயிட் கோளாறும் கூட வரலாம். இவை எதையும் வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிசோதனையும் மருந்தும் இருக்கின்றன. குளூட்டன் ஒரு துளியும் போகாமலே குடல் ஆறாமல் நிற்கிற நிலையும் உண்டு, மிக அரிது, ஆனால் கடுமையானது. அதனால் காரணமில்லாமல் எடை இறங்கினால், மலத்தில் இரத்தம் கண்டால், நித்திரையிலிருந்து எழுப்புகிற வயிற்றோட்டம் வந்தால், காய்ச்சல் விடாமல் இருந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே போங்கள்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பஸ்ஸில் அழுதிருக்க மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குக் குடல் சீக்கிரம் ஆறும். வளர்ந்தவர்களுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். 2025 தொடக்கத்தில் இரண்டாவது எண்டோஸ்கோப்பி செய்தார்கள். சடைமுளைகள் திரும்ப எழும்பியிருந்தன, முழுக்க இல்லை, ஆனால் எழும்பியிருந்தன. ரிரிஜி சாதாரணமாக வந்ததால் மட்டும் குடல் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாதாம். மகளுக்கும் இரத்தம் பார்த்தோம், பெற்றோர் பிள்ளைகள் சகோதரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பதால். அவளுக்கு இல்லை. ஆனாலும் பிறகு எப்போதும் தொடங்கலாம், அறிகுறி கண்டால் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வெளியே சாப்பிடுவதுதான் இன்னும் கஷ்டம். கலியாண வீட்டுக்கு என் சோற்றுப் பார்சலோடு போகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. "கோதுமை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றால் "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது அக்கா" என்பார்கள். இப்போது "கோதுமை என் குடலைப் பழுதாக்குகிற வருத்தம், டொக்டர் தடுத்திருக்கிறார்" என்று முழுதாகச் சொல்கிறேன். அதற்குப் பிறகு யாரும் வற்புறுத்துவதில்லை. கோணேசர் கோயிலில் பிரசாதம் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி இவரிடம் கொடுத்துவிடுவேன். வெறும் பொங்கல் என்றால் நானே சாப்பிடுவேன்.

போன ஆடிப்பிறப்புக்கு மாமி விடிய நாலு மணிக்கே எழும்பிக் குளித்துவிட்டு அடுப்பை மூட்டினார். குசினியில் வேறு மா எதுவும் திறக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வறுத்து வைத்த அரிசிமாவில், சிவப்பு நூல் கட்டின என் பாத்திரங்களில், பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் வைத்து முதலில் எனக்குப் பன்னிரண்டு கொழுக்கட்டை பிடித்தார். அவித்து இறக்கி மூடி வைத்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினார். பிறகுதான் மற்றவர்களுக்கு அவித்த மாவைக் குழைக்கத் தொடங்கினார். நான் வாசற்படியில் இருந்து ஆறு சாப்பிட்டேன், ஒரு பேணி ஆடிக்கூழும் குடித்தேன். பின்னேரம் வயிறு ஊதுகிறதா என்று பார்க்கக்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.